நான் அழித்த ‘ங்க’

ஒரு நாவலின் கடைசி வரியைத் தெரிந்தே மாற்றினேன். பொருள் புரியாமல் அல்ல, அவசரத்தில் அல்ல, அச்சகத்தின் தவறும் அல்ல. நானே, என் கையால், சிவப்புப் பேனாவால், ஒரே ஒரு ‘ங்க’வை அடித்தேன்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள்... தெரியும். ஊரில் ஆற்று மணலையே அள்ளிக்கொண்டு போகிறவர்கள் நிம்மதியாக உறங்கும்போது, இவன் ஒரு விகுதியை அழித்துவிட்டு மாரடித்துக்கொள்கிறானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வகுப்புகளுக்கு நடுவே வெளிநாட்டு நாவல்களைத் தமிழில் கொண்டுவருவேன். ‘சரளமான நடை’ என்று மதிப்புரைகளில் எழுதுவார்கள். சரளம்! எனக்குப் பொய்யும் அப்படித்தான் வரும்.

நான் துரோகம் செய்த எழுத்தாளரின் பெயர் ஐலா. பின்லாந்துக்காரர். நாட்டின் கிழக்கே, ஏரிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பண்ணையில் பிறந்தவர். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தைந்து வருடம் உருளைக்கிழங்கு உரித்தவர். வேலைக்குக் கிளம்புமுன் காலையில் இரண்டு மணி நேரம் பென்சிலால் எழுதுவார். ஆறு வரி தேறினால் அன்றைக்கு அவருக்குத் திருநாள். அப்படி எழுதிய நாவல்கள் மொத்தம் ஆறு. எல்லாம் ஒல்லியானவை.

அவர் கதையில் வருகிறவர்கள் பக்கத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் முன்பின் தெரியாதவரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடிக்கிற ஊர்க்காரன் நான்; எனக்கு அந்த ஊமை மனிதர்கள் ஏன் பிடித்துப்போனார்கள்? அவர்களும் எங்களைப் போல லுத்தரன் சபையார் என்பதாலா? அவர்கள் கோயிலில் பாடுகிற மெட்டில் ஒன்றிரண்டு எங்கள் கோயிலிலும் உண்டு என்பதாலா? அப்படித்தான் நானும் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அதற்கும் வருகிறேன்.

அவருடைய ஆறாவது நாவலைத்தான் நான் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழாக்கினேன். கதை சின்னது. ஏரி உறைந்து கிடக்கிறது. தம்பியை அக்கரையிலிருந்து கூட்டிவர அம்மா மகளை அனுப்புகிறாள். மகளுக்கு வயது பதினாறு. வழியில் தோழியைப் பார்த்ததும் நின்றுவிடுகிறாள். ‘நீ முன்னால் போ, வந்துவிடுகிறேன்’ என்று தம்பியை அனுப்புகிறாள். வசந்தம் தொடங்கியிருந்தது, பனி இளகியிருந்தது. பையன் வீடு வந்து சேரவில்லை.

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மகள் நகரத்துக்குப் போய்விடுகிறாள். பதினெட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து சமையலறை வாசலில் நிற்கிறாள். அம்மா அடுப்பில் தண்ணீர் வைக்கிறாள். திரும்பிப் பார்க்காமல், காப்பி குடிக்கிறாயா என்று கேட்கிறாள். நாவல் அங்கே முடிகிறது.

ஆங்கிலத்தில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆகா, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்! நம்மூர்க்காரன் வேறு எப்படி நினைப்பான்? நம் வீடுகளில் யார் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்கிறார்கள்? மாதக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டவள் ஒருநாள் டம்ளரை நங்கென்று வைத்து ‘குடி’ என்பாள். சண்டை அத்தோடு தீர்ந்தது.

பிறகுதான் ஐலாவின் மின்னஞ்சல் வந்தது. தன்னை மொழிபெயர்க்கும் எல்லோரிடமும் அவர் கேட்கிற ஒரே கேள்வி அது. தன் மொழியில் ‘நீ’ உண்டு, ‘நீங்கள்’ உண்டு என்று எழுதியிருந்தார். நாவலில் அந்த அம்மா அதே காப்பி வாக்கியத்தைத் தபால்காரரிடம் கேட்கிறாள், மாட்டு டாக்டரிடம் கேட்கிறாள், போதகரிடம் கேட்கிறாள், பசு வாங்க வந்தவனிடம் கேட்கிறாள். நாலு தடவையும் ‘நீங்கள்’. ஐந்தாவது தடவை, பெற்ற மகளிடம் கேட்கும்போதும் ‘நீங்கள்’. ‘அவள் மன்னிக்கவில்லை. மகளை விருந்தாளியாக்கிவிட்டாள். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வழியில்லை. உங்கள் மொழியில் உண்டா?’

கீழே இன்னொரு வரியும் இருந்தது. ‘இது கற்பனை அல்ல. என் அம்மா சாகிறவரை என்னிடம் இப்படித்தான் கேட்டாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேரத்தான் ஆறு நாவல் எழுதினேன்.’

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். ஊருக்குள் ஓடுகிற புது ஆற்றின் கரையில் போய் நடந்தேன். உண்மையைச் சொன்னால், அன்று எழுந்தவன் இன்னும் சரியாக உட்காரவில்லை.

ஏனென்றால் அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். பாபநாசத்தில், என் தம்பி வீட்டில், என் சொந்தத் தாய் என்னிடம் கேட்கிற வாக்கியம் அது.

சொல்லிவிடுகிறேன்... ஐலாவின் மின்னஞ்சலுக்கு நாலு வருடம் முன்பு என் அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் சென்னையில் இருந்தேன். என் புத்தகம் ஒன்றுக்கு அன்று மாலை விழா. காலையிலேயே அம்மா போன் செய்தாள். “டேய் தேவா, அப்பா ஒன்னக் கேட்டுக்கிட்டே இருக்காருடா. ஒடனே கெளம்பு.” கிளம்புகிறேன் என்றேன். பகல் இரண்டு மணிக்கு மறுபடி போன். அரங்கத்து வாசலில் நின்றுகொண்டு, ஒரு தடுமாற்றம்கூட இல்லாமல் சொன்னேன்: “விழுப்புரம் தாண்டிட்டேம்மா. வந்துக்கிட்டே இருக்கேன்.”

இந்தப் பொய்யை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். குளிக்கப் போகுமுன் ‘கிளம்பிட்டேன்’ என்பதும், படியிறங்குமுன் ‘பக்கத்துல வந்துட்டேன்’ என்பதும் நம் ஊரில் பொய்க் கணக்கிலேயே சேராது. ஆனால் என் அம்மா அதை நம்பினாள். அப்பாவின் காதில் சொன்னாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு ஊராக என்னை ஓட்டிவந்தாராம். பண்ருட்டி... வடலூர்... சேத்தியாத்தோப்பு... “அணைக்கரப் பாலம் தாண்டியிருப்பான்ல?” என்பதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

நான் அப்போது மேடையில் பொன்னாடையோடு நின்றேன். போனை அணைத்து வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், விழா நடத்தியவர்கள் அனுப்பிய படங்கள் தம்பியின் போனுக்கு வந்தன. ஒரு படத்தில் எனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம், மாலை ஆறரை காட்டியது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ரொம்ப நேரம் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, அவ்வளவு காலம் ‘டேய்’ என்று கூப்பிட்ட வாய் சொன்னது: “வாங்க. காப்பி சாப்பிடுறீங்களா?”

சில வீடுகளில் பிள்ளையைச் செல்லமாக ‘வாங்க, போங்க’ என்பார்கள். எங்கள் வீடு அப்படியல்ல. தம்பி இன்றும் அவளுக்கு ‘டேய்’தான். எனக்கு மட்டும் ‘ங்க’. சுளிப்பு இல்லை, கோபம் இல்லை. மரியாதை! கையில் பிடிக்க ஒரு நுனிகூட இல்லாத மரியாதை!

ஆகவே ஐலாவுக்கு நான் எழுதிய பதில் அன்றைக்கு உண்மையான பதில். ‘எங்கள் மொழியில் உண்டு. உங்கள் மொழியில் இருப்பது போலவே உண்டு. நீங்கள் எழுதியதை அப்படியே வைப்பேன்.’ தமிழில் எழுதியும் முடித்தேன். “காப்பி சாப்பிடுறீங்களா?” நாலு தடவை வந்தவர் போனவரிடம், ஐந்தாவது தடவை மகளிடம். என் முப்பது வருட உழைப்பில் அவ்வளவு கச்சிதமாக ஒரு வரி அமைந்ததே இல்லை.

மெய்ப்பு வந்தது. கடைசிப் பக்கத்தைப் பத்து தடவை படித்திருப்பேன். அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது அந்த எண்ணம் வந்தது... அம்மா இதைப் படிப்பாள். வேதாகமத்தை வருடத்துக்கு ஒரு தடவை முழுக்கப் படித்து முடிக்கிறவள், மகன் பெயர் போட்ட புத்தகத்தைப் படிக்காமலா போவாள்? கதையில் ஒரு தாய் ஒருமைக்கு இறங்கி வந்துவிட்டால், இந்தத் தாயும்...

சிவப்புப் பேனாவை எடுத்தேன். “காப்பி சாப்பிடுறியா?” என்று திருத்தினேன்.

ஒரு பெண் தன் தாயிடமிருந்து வாங்கிய ஆறாத காயத்தை எடுத்து, என் தாய்க்கு விண்ணப்பமாக எழுதிக்கொண்டேன். வெட்கம் இருந்ததா? இருந்தது. நிறுத்தினேனா? இல்லை!

முதல் பிரதியை அம்மாவிடம்தான் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது புத்தகம் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்தது. படித்து முடித்த அடையாளமாகக் கடைசிப் பக்கத்தில் மயிலிறகு. அம்மா சொன்னாள்: “படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க.”

என் பாவம் அத்தோடு வீணாய்ப் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அது வீணாகவில்லை. வேறு வீட்டில் போய்ப் பலித்தது.

ஒருநாள் கல்லூரிக்கு ஒரு பெண்மணி தேடிவந்தார். பெயர் மல்லிகா. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் கிராம அஞ்சலகத்தில் வேலை. நூலகத்தில் என் மொழிபெயர்ப்பை எடுத்துப் படித்திருக்கிறார். அவர் மகன் குமார், வயலில் டிராக்டரைப் பின்னால் எடுத்தபோது, வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்க்கவில்லை. கண் போனில் இருந்திருக்கிறது. அப்பா பிழைக்கவில்லை. மல்லிகா மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆறு வருடம்.

“கடைசி வரியப் படிச்சேன் சார். அந்தம்மாவே கேட்டுட்டா, எனக்கென்னன்னு தோணிச்சு. ஒடனே போன் போட்டேன். என்ன பேசுறதுன்னு தெரியல. காப்பி சாப்பிட்டியாடான்னு கேட்டேன். அந்தப் பக்கம் அவன் அழுவுறான் சார்... இப்ப வந்துட்டான். வயல அவன்தான் பாக்குறான்.”

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐலாவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டுவந்திருந்தார். ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பச் சொன்னார். நான் மாற்றினேன்... உண்மையாகவே மாற்றினேன்! மகன் வரும் இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கணவரை இழந்த ஓர் அஞ்சலக ஊழியருக்கு நாவல் பிடித்திருந்தது என்று அனுப்பினேன். அந்தத் தாய் மன்னித்ததைப் படித்துத் தானும் மன்னித்ததாக மல்லிகா எழுதியிருந்தார். அதை எப்படி அனுப்ப முடியும்?

அஞ்சலகம் என்ற சொல் ஐலாவைப் பிடித்துக்கொண்டது; அவர் நாவலிலும் ஒரு தபால்காரர் வருகிறாரே. தை மாதம் ஓர் இலக்கிய நிகழ்ச்சிக்காகச் சென்னை வந்தவர், ஒருநாள் ஒதுக்கி அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். மறுக்க எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. இத்தனைக்கும் காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

வழியெல்லாம் அறுவடை இயந்திரங்கள். ஐலா சன்னல் பக்கம் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். எழுபதை நெருங்குகிறவர்; வெயிலில் முகம் சிவந்திருந்தது.

மல்லிகா வாசலில் நின்று கும்பிட்டார். “வாங்கம்மா, வாங்க. காப்பி சாப்பிடுறீங்களா?”

என்ன கேட்கிறார் என்று ஐலா என்னிடம் விசாரித்தார். சொன்னேன். சட்டென்று நின்றார். ‘நீயா, நீங்களா?’ என்றார். நீங்கள் என்றேன். சிரித்தார். அந்த ஒலியைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: றீங்... களா... றீங்களா... பிறகு கேட்டார்: ‘என் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். என் அம்மா தமிழில் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்க வேண்டும்.’

மல்லிகா அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். நூலகப் பிரதி அல்ல. சொந்தமாக வாங்கி அட்டை போட்டிருந்தார். எனக்கு இந்தப் பக்கம் ஒரு தாய், அந்தப் பக்கம் ஒரு மகள். ஒருத்திக்கு ஆங்கிலம் தெரியாது. மற்றவளுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்!

வாசித்தேன். அடுப்பு, தண்ணீர், திரும்பாத முதுகு... கடைசி வரி வந்தது. கண்ணெதிரே ‘சாப்பிடுறியா’ என்று அச்சாகியிருக்கிறது. என் வாய் படித்தது: “காப்பி சாப்பிடுறீங்களா?”

ஐலா கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் கோடாக நீர் இறங்கியது.

மல்லிகா என்னைப் பார்த்தார். “சார்... புஸ்தகத்துல ‘றியா’ன்னுல்ல இருக்கு?”

“பெரியவங்க முன்னாடி மரியாதையாப் படிச்சேம்மா.”

“ஓ...” என்றார். முகம் தெளியவில்லை.

அவர் என்ன சொன்னார் என்று ஐலா கேட்டார். அந்த வரி அவருக்கு மிகவும் பிடிக்குமாம் என்றேன். ஒரே நிமிடத்தில், இரண்டு மொழியில், இரண்டு பொய்!

குமார் டபராக்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். “டேய், அந்தம்மாக்குச் சக்கர கம்மியாப் போட்டியாடா?” என்று மல்லிகா கேட்டார். மகனா என்று ஐலா விசாரித்தார். ஆமாம். அவனிடம் ‘நீ’ என்றுதானே பேசினார்? ஆமாம். ஐலா குமாரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘கொடுத்துவைத்த பையன்’ என்றார். அதை மட்டும் நான் மாற்றாமல் தமிழில் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

திரும்பும்போது காரில் ஐலா சொன்னார்: ‘பதினொரு மொழியில் என் புத்தகம் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் என் அம்மா கொஞ்சம் நல்லவளாகிவிட்டாள். உங்கள் மொழியில்தான் அவள் அவளாக இருக்கிறாள். நன்றி.’

கதவைத் திறந்து குதித்துவிடலாம் போலிருந்தது. குதிக்கவில்லை. ‘என் கடமை’ என்றேன்.

பத்து நாள் கழித்து மல்லிகா போன் செய்தார். “சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தம்மா எழுதுனது எது? ‘றியா’வா, ‘றீங்களா’வா?”

நல்ல சந்தர்ப்பம். சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

“‘றியா’தாம்மா.”

“அப்ப சரி சார். அத நம்பித்தானே அவன நான் கூப்பிட்டேன்...”

அந்தக் கடைசிச் சொற்களில் கேள்வி இருந்ததா, கெஞ்சல் இருந்ததா? இன்னும் தெரியவில்லை எனக்கு.

இப்போது இரண்டாம் பதிப்பு. திருத்தம் இருந்தால் குறித்து அனுப்பச் சொல்லிப் பதிப்பாளர் பக்கங்களை அனுப்பியிருக்கிறார். ‘ங்க’வைச் சேர்த்தால் ஐலாவுக்கு நியாயம் செய்தவன் ஆவேன். ஒரத்தநாட்டில் ஒரு தாய் புதுப் பதிப்பை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திறந்து... வேண்டாம்! சேர்க்காவிட்டால்? ஒரு முதியவள், தன் அம்மா ஒரு மொழியிலாவது சரியாகப் பேசினாள் என்ற நம்பிக்கையோடு, என் பொய்யை வைத்துக்கொண்டே கண்மூடுவாள். பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். இரண்டு மாதமாக இதே வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து, அந்தப் பக்கங்களைப் பையில் போட்டுக்கொண்டு பாபநாசம் போனேன். அம்மா கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

“அம்மா, அந்தப் புஸ்தகத்தோட கடைசி வரிய நான் மாத்திட்டேம்மா. அந்தம்மா ‘றீங்களா’ன்னுதான் எழுதியிருந்தாங்க.”

அம்மா கை நிற்கவில்லை. “தெரியும்” என்றாள். “தபால்காரர்லேருந்து போதகர் வரைக்கும் ஒரே மாதிரி கேட்டவ. மகளுக்கு மட்டும் மாத்திக் கேப்பாளா? படிக்கும்போதே தெரிஞ்சுது, நீங்க எழுதுனதுன்னு.”

விழுப்புரம் தாண்டாமல் தாண்டியதாகச் சொன்னதையும் அப்போதே சொல்லி அழ வேண்டும் என்று வாய் திறந்தேன். ஐலாவின் மின்னஞ்சலுக்கு முன் நாலு வருடம், அதற்குப் பின் மூன்று வருடம், இத்தனை காலமாக நாங்கள் இருவருமே பேசாத பேச்சு அது. வார்த்தை வரவில்லை. சரளமான நடைக்காரனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை!

அம்மா மொச்சைத் தோலைக் கூட்டி ஒதுக்கிவிட்டு எழுந்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பி நடந்தாள்.

“காப்பி சாப்பிடுறீங்களா?”

காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

“இப்பத்தாம்மா குடிச்சேன்” என்றேன். விருந்தாளிகள் அப்படித்தானே சொல்வார்கள்.